பிக்கப் வண்டிக்கு மாற்று வீல்: மூன்று ஆஃப்செட்டுகளில் எது பொருந்தும்?

கேள்வி
பதிவிட்டவர்: கரடுபாதை

அனைவருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது நான்கு சக்கர இயக்கம் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். முன்புறம் இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். பின்புறம் லீஃப் ஸ்பிரிங்கின் மேல் ஒரே அச்சு. கம்பெனி வீலின் அளவு 17×7.5 அங்குலம் (விட்டம்×அகலம்), ஆஃப்செட் (வண்டியில் ஒட்டும் பரப்பு வீலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) 30 மி.மீ., ஆறு போல்ட், பிசிடி (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ., நடுத்துளை 106.1 மி.மீ. அதில் 265/65 ஆர்17 டயர் இருக்கிறது (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்). டயர்கள் தேய்ந்து மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. ஒரு ரிம்மின் விளிம்பும் பாறையில் அடிபட்டு நெளிந்துவிட்டது. ஆகவே வீலையும் டயரையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

வண்டியின் பெரும்பகுதி ஓட்டம் சாதாரணத் தார்ச்சாலையில்தான். மீதி ஓட்டம் கற்கள் நிறைந்த ஆற்றுப்படுகை, மழைநீர் அரித்த ஏற்றங்கள், சில இடங்களில் நல்ல மணல். பின்பெட்டியில் கருவிகள், தண்ணீர்க் கேன்கள், கூடாரம் என்று எப்போதும் ஓரளவு சுமை இருக்கும்.

விசாரித்ததில் மூன்று தேர்வுகள் கிடைத்தன. முதலாவது, 17×8 வீல், ஆஃப்செட் 20, டயர் 265/70 ஆர்17. இரண்டாவது, 17×8.5 வீல், ஆஃப்செட் 0, அதே டயர். மூன்றாவது, 17×9 வீல், ஆஃப்செட் மைனஸ் 12, டயர் 285/70 ஆர்17. மூன்றுக்கும் ஆறு போல்ட், 139.7 பிசிடிதான் என்பதால் எல்லாமே வண்டியில் ஏறும் என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். பார்வைக்கு மூன்றாவது கம்பீரமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் பார்வைக்காக மட்டும் வாங்க விருப்பமில்லை.

என் ஐயங்கள் இவை. ஆஃப்செட் குறைந்தால் உண்மையில் என்ன மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது? வண்டியை உயர்த்தும் 40 மி.மீ. லிஃப்ட் கிட் போட்டுவிட்டால் பெரிய டயர் உரசும் பிரச்சினை தீர்ந்துவிடுமா? நெளிந்த ரிம்மை மட்டும் மாற்றிவிட்டு, கம்பெனி வீல்களுக்கு 30 மி.மீ. ஸ்பேசர் (வீலுக்குப் பின்னால் வைக்கும் இடைத்தட்டு) போடுவது புதிய வீல் வாங்குவதைவிடப் பாதுகாப்பானதா? அனுபவம் உள்ளவர்கள் காரணத்துடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1
பதிவிட்டவர்: அச்சாணி

வணக்கம் நண்பரே. வீல் விவரங்களை முழுமையாகக் கொடுத்திருப்பதால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது.

போல்ட்டில் ஏறும் என்று விற்பவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வீல் பொருந்துகிறதா என்பதை முடிவு செய்யும் இடம் போல்ட் இல்லை; சஸ்பென்ஷன் முழுவதும் மேலே அமுங்கி, ஸ்டீயரிங் கடைசிவரை ஒடிந்து நிற்கும் அந்த ஒரு நிலைதான். சமதளத்தில் நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில் நான்கு பக்கமும் தாராளமாக இடம் தெரிந்தாலும், ஆற்றுப்படுகையில் ஒரு முன்சக்கரம் பாறைமேல் ஏறி, நீங்கள் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது அந்த இடம் மிஞ்சுமா என்பதே கேள்வி. நீங்கள் போகும் பாதையில் இது அடிக்கடி நிகழும் என்பதால், மற்ற எல்லாவற்றையும் இந்த நிலையை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் டயரைப் பார்ப்போம், ஏனென்றால் டயரைத் தீர்மானித்த பிறகே வீலுக்கு வர வேண்டும். உங்களுடைய 265/65 ஆர்17 டயரின் விட்டம் கணக்குப்படி 776 மி.மீ. அதையே 265/70 ஆக்கினால் 803 மி.மீ. வருகிறது, அதாவது 3.4 சதவீதம் அதிகம். 285/70 என்றால் 831 மி.மீ., 7 சதவீதம் அதிகம். தரையிலிருந்து அச்சு உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான்: 265/70 டயரில் சுமார் 13 மி.மீ., 285/70 டயரில் சுமார் 27 மி.மீ. இந்த உயரத்துக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், 285/70 போட்ட பிறகு சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை ஆறரை சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டர் முன்பு துல்லியமாக இருந்திருந்தால், அது 100 காட்டும்போது வண்டி 107-இல் போய்க்கொண்டிருக்கும். சுமையோடு ஏற்றம் ஏறுகிறவருக்கு அந்த ஆறரை சதவீதம் நன்றாகவே தெரியும்.

இப்போது ஆஃப்செட். வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், ஹப்பில் (அச்சின் முனையில் வீல் மாட்டப்படும் பகுதியில்) போய் ஒட்டும் தட்டையான பரப்பு அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். அந்த எண் குறையக் குறைய டயர் முழுவதும் வண்டியைவிட்டு வெளியே நகரும். உங்களுடைய 265 டயரின் வெளிச்சுவர் இப்போது ஹப் பரப்பிலிருந்து 102.5 மி.மீ. வெளியே நிற்கிறது, உட்சுவர் 162.5 மி.மீ. உள்ளே இருக்கிறது. முதல் தேர்வில் வெளிச்சுவர் 10 மி.மீ. வெளியே போகும், உட்பக்கம் அதே 10 மி.மீ. இடம் கிடைக்கும். இரண்டாவதில் வெளிச்சுவர் 30 மி.மீ. வெளியே போகும். மூன்றாவதில் டயரே 20 மி.மீ. அகலம் கூடிவிடுவதால், வெளிச்சுவர் ஏறத்தாழ 52 மி.மீ. வெளியே வந்து நிற்கும். ரிம்மின் அகலம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 8.5, 9 அங்குல ரிம்களில் இந்த எண்கள் இன்னும் சற்று ஏறும்.

வெளியே போனால் உள்ளே இடம் கிடைக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றலாம். பின்சக்கரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் நல்லதுதான். முன்சக்கரம் திரும்புகிற சக்கரம் என்பதால் அங்கே கணக்கு மாறுகிறது. திரும்பும் அச்சுக்கோட்டிலிருந்து டயர் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு பெரிய வட்டத்தில் அது சுழல வேண்டும். கதவின் கீலுக்கு அருகில் இருக்கும் புள்ளி கொஞ்ச தூரம் நகர, கைப்பிடி இருக்கும் ஓரம் பெரிய வளைவில் வீசிக்கொண்டு போவதைப் போன்றதுதான் இது. அந்த வளைவின் பின்முனையில், முன்சக்கரத்துக்கு நேர் பின்னால், கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் பாடி மவுண்ட் இருக்கிறது. முன்முனையில் பம்பரின் கீழ் மூலையும் மட்கார்டின் பிளாஸ்டிக் உறையும் இருக்கின்றன. பிளாஸ்டிக்கை நகர்த்திக்கொள்ளலாம். பாடி மவுண்ட் இரும்பு; அதில் உரசும் டயர் தோள்பட்டையில் அறுபடும். 285 டயரைக் குறைந்த ஆஃப்செட்டில் போடுகிறவர்கள் பலர் அந்த மவுண்டின் மூலையை வெட்டி மீண்டும் வெல்டிங் செய்துகொள்கிறார்கள் என்பது இதனால்தான். டயர் தேர்வுக்காகச் சேசிஸில் கை வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு விளைவும் உண்டு. திரும்பும் அச்சுக்கோட்டை நீட்டினால் அது தரையை ஒரு புள்ளியில் தொடும். டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுப்புள்ளி அதிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பதை ஸ்க்ரப் ரேடியஸ் என்கிறோம். இந்தத் தூரம் கூடினால், ஒரு முன்சக்கரம் மட்டும் கல்லில் இடிக்கும்போது அந்த இடி அதிக நெம்பு நீளத்தோடு ஸ்டீயரிங்குக்கு வந்து சேரும். ஒரு பக்கம் மணலும் மறுபக்கம் கெட்டித்தரையும் இருக்கும் இடத்தில் பிரேக் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் இழுப்பதும் கூடும். டயர் உயரம் கூடுவதால் ஸ்க்ரப் ரேடியஸ் சற்றுக் குறையும் என்பது உண்மை, ஆனால் 13 மி.மீ. உயரத்துக்கு அந்தக் குறைவு இரண்டு மூன்று மி.மீ.தான், ஆஃப்செட் 30-லிருந்து 0-க்கு வந்தால் கூடுவதோ முழுதாக 30 மி.மீ. அதோடு, வண்டியின் எடை பேரிங்கின் நடுவைவிட்டு வெளியே விழத் தொடங்குவதால் பேரிங்கின் ஆயுளும் குறையும்.

லிஃப்ட் கிட் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில், இந்தப் பிரச்சினையை அது தீர்க்காது என்பதுதான். லிஃப்ட் கிட் நிற்கும் உயரத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே. சஸ்பென்ஷன் மேலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பம்ப் ஸ்டாப் தீர்மானிக்கிறது. அதை மாற்றாதவரை, முழுவதும் அமுங்கிய நிலையில் டயர் முன்பு எங்கே போய் நின்றதோ அங்கேயேதான் போய் நிற்கும். லிஃப்ட் போட்டவுடன் உரசல் நின்றுவிட்டதாகத் தோன்றுவது, அந்தக் கடைசி நிலைக்கு வண்டி அவ்வளவு அடிக்கடி போகாததால்தான்.

என் தேர்வு முதலாவது. உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: விற்பவரிடம் ஒரே ஒரு வீலில் மட்டும் டயரை ஏற்றித் தரச் சொல்லி, அதை முன்னால் இடது பக்கம் மாட்டுங்கள். முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் ஒரே நேரத்தில் உறுதியான மேடைகள் மேல் ஏற்றினால், முன் இடது பக்கம் பம்ப் ஸ்டாப்வரை அமுங்கும். அந்த நிலையில் ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்ப, இன்னொருவர் எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும்; வண்டி அசையும்போது கையை உள்ளே விட வேண்டாம். பாடி மவுண்ட், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கை), பம்பர் மூலை ஆகிய மூன்று இடங்களிலும் குறைந்தது ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை, ஏனென்றால் ஓடும் டயர் நிற்கும் டயரைவிடச் சற்றுப் பிதுங்கும். வீல் அலைன்மென்ட் சரிசெய்த பிறகே இதை அளக்க வேண்டும். காஸ்டர் கோணத்தை, அதாவது திரும்பும் அச்சுக்கோடு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணத்தை, மாற்றினால் டயர் சில மி.மீ. முன்னே பின்னே நகர்ந்துவிடும்.


பதில் 2
பதிவிட்டவர்: திருகுமறை

அச்சாணி அவர்கள் டயர் நிற்கும் இடத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். வீல் மாட்டுவதையே தொழிலாகச் செய்பவன் என்ற முறையில், ஹப்பிலும் நட்டிலும் பார்க்க வேண்டியவற்றை நான் சேர்க்கிறேன். வாங்கும்போது யாரும் கேட்காத விஷயங்கள் இவைதான். பிறகு வண்டி ஆட்டம் காண்பதும் இவற்றால்தான்.

நடுத்துளையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஹப்பின் விளிம்பு 106.1 மி.மீ. பல வண்டிகளுக்குப் பொதுவாக விற்கப்படும் வீல்களில் நடுத்துளை அதைவிடப் பெரிதாக இருக்கும். 110 மி.மீ. துளையுள்ள வீலை மாட்டினால் சுற்றிலும் ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி இருக்கும், வீல் மையத்தில் உட்காரும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் மேல் விழும். கூம்பு வடிவ நட்டுகளைச் சரியான வரிசையில் முடுக்கினால் அவை வீலை மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். வீலைத் தரையில் அழுத்திவைத்துக்கொண்டு அவசரமாக முடுக்கினால் அரை மி.மீ. விலகி உட்கார்ந்துவிடும், அதுவே நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுக்கமாகத் தெரியும். இடைவெளிக்குச் சரியான அளவில் ஹப் வளையம் கிடைக்கிறது. நீண்ட இறக்கங்களில் பிரேக் சூடேறும் வண்டிக்குப் பிளாஸ்டிக் வளையத்தைவிட அலுமினிய வளையம் நல்லது. ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: வளையத்தின் வேலை வீலை மையத்தில் உட்காரவைப்பது மட்டும்தான். வண்டியின் எடையைத் தாங்குவது, நட்டுகள் இறுக்குவதால் வீலுக்கும் ஹப்புக்கும் இடையே உண்டாகும் உராய்வு. அந்த இரண்டு பரப்புகளும் துருவும் மண்ணும் இல்லாமல் சுத்தமாக, முழுவதுமாக ஒட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் அதுவே. பழைய வீலைக் கழற்றியவுடன் ஹப் பரப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு தட்டுப்பட்டால் மீண்டும் தேய்க்க வேண்டும்.

அடுத்தது நட். உங்களுடைய கம்பெனி நட் ஒன்றைக் கழற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். தட்டையான வாஷரும், துளைக்குள் நுழையும் நீண்ட கழுத்தும் இருந்தால் அது தட்டை இருக்கைக்கான நட். சந்தையில் விற்கும் மாற்று அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு இருக்கை இருக்கும். தட்டை நட்டைக் கூம்பு இருக்கையில் முடுக்கினால் அது விளிம்பில் ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டுமே தொடும். முடுக்கும்போது இறுகியதாகத் தோன்றும், சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். ஆகவே வீலோடு அதற்குரிய நட்டையும் வாங்குங்கள். உங்கள் வண்டியின் மறை எம்12 (விட்டம் 12 மி.மீ.), பிட்ச் (ஒரு சுற்றுக்கு நட் நகரும் தூரம்) 1.5 மி.மீ. நட் ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில்) குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டத்தளவு, அதாவது 12 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் அளவு. 1.5 மி.மீ. பிட்சுக்கு அது எட்டு முழுச் சுற்று. நட்டைக் கையால் சுற்றி எண்ணிப் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, சுமை. உங்கள் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் அதிகபட்சச் சுமை குறிக்கப்பட்டிருக்கும். பின் அச்சின் எண்ணை இரண்டால் வகுத்தால் வருவதே ஒரு வீல் தாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. 1,800 கிலோ என்று இருந்தால் ஒரு வீலுக்கு 900 கிலோ. வீலின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சுமை எண் அதற்கு மேல் இருக்க வேண்டும், எப்போதும் பெட்டியில் சுமை இருக்கும் உங்கள் வண்டிக்குத் தாராளமாகவே மேல் இருக்க வேண்டும். கார்களுக்காகச் செய்த வீலில் ஜேடபிள்யூஎல் முத்திரையும், சரக்கு வண்டிகளுக்கான வீலில் ஜேடபிள்யூஎல்-டி முத்திரையும் இருக்கும். இரண்டும் ஜப்பானியத் தரங்கள். மாற்று வீல்களுக்கென்றே எஸ்ஏஇ ஜே2530 என்ற தரமும் உண்டு. எந்த முத்திரையும் சுமை எண்ணும் இல்லாத வீலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், என் கையால் மாட்ட மாட்டேன்.

ஸ்பேசரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஃப்செட் 30 உள்ள வீலுக்கு 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் கிடைப்பது ஆஃப்செட் 0. உங்கள் இரண்டாவது தேர்வில் வரும் எல்லா விளைவுகளும் அப்படியே இதிலும் வரும். கூடுதலாக, ஹப்புக்கும் ஸ்பேசருக்கும் இடையே ஆறு நட், ஸ்பேசருக்கும் வீலுக்கும் இடையே ஆறு நட் என்று ஒரு சக்கரத்துக்குப் பன்னிரண்டு நட்டுகளைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆறையும் வீலைக் கழற்றாமல் சோதிக்க முடியாது. இரண்டு பக்கமும் மையம் பிடிக்கும் விளிம்போடு கடைந்து செய்த, தனி ஸ்டட் பொருத்திய ஸ்பேசரை ஒழுங்காகப் பராமரித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பழைய ஸ்டட்டிலேயே நுழைத்து விடும் வெறும் தட்டு வகை, நட் பிடிக்கும் ஆழத்தைத் தின்றுவிடுவதால், கரடுமுரடான பாதைக்கு அறவே கூடாது. சில நாடுகளில் ஸ்பேசருக்குச் சட்டத்தடையும் உண்டு.


பதில் 3
பதிவிட்டவர்: மணல்மேடு

இருவரும் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஆஃப்செட் 0-வை இவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சக்கரத்துக்கு 30 மி.மீ. வெளியே போனால் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் மொத்தம் 60 மி.மீ. கூடுகிறது. பக்கச்சரிவில் குறுக்காகப் போகும்போது, அதுவும் கூரைமேல் சாமான் ஏற்றியிருக்கும்போது, வண்டி நிற்கும் உறுதியில் அந்த 60 மி.மீ. தெரியும். பெரும்பாலும் மணலிலேயே ஓட்டுகிறவருக்குக் கல் இடிக்கும் பிரச்சினை குறைவு. அவர் மட்கார்டு விளிம்புக்கு மேல் அகலப்பட்டை பொருத்திக்கொண்டு ஆஃப்செட் 0-வில் நிம்மதியாக ஓட்டலாம். அந்தப் பட்டை கட்டாயம் வேண்டும்: டயரின் தடம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வருபவரின் கண்ணாடிமேல் கல் தெறிக்கும், பல நாடுகளில் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. நீங்கள் ஆற்றுப்படுகையை முதலில் குறிப்பிட்டிருப்பதால், உங்கள் விஷயத்தில் நானும் முதல் தேர்வுக்கே வருகிறேன்.

அதற்கு நான் கொடுக்கும் காரணம் வேறு. 265 டயரை 8 அங்குல ரிம்மில் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் ரிம் விளிம்பைத் தாண்டிச் சற்றுப் பிதுங்கி நிற்கும். பாறையில் உரசும்போது ரப்பர் முதலில் அடி வாங்கும். அதே டயரை 9 அங்குல ரிம்மில் இழுத்து உட்கார வைத்தால் ரிம் விளிம்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். உங்கள் ரிம் ஏற்கெனவே ஒரு முறை நெளிந்திருக்கிறது, ஆகவே இதன் அருமை உங்களுக்குத் தெரியும். காற்றைக் குறைத்து ஓட்டும்போதும் அகலம் குறைந்த ரிம் டயரின் பீடை (ரிம்மில் உட்காரும் உள் ஓரத்தை) நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆழ்ந்த மணலில் நான் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குவேன். அதற்குக் கீழே போனால் சாதாரண ரிம்மில், ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்கும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் அபாயம் இருக்கிறது. பத்து பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கிப் பாறை ஏறுகிறவர்களுக்காக, பீடை ஒரு வளையத்தால் இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் வீல் இருக்கிறது. அதன் வளையத்தில் உள்ள போல்ட்டுகளை அடிக்கடி முடுக்கிப் பார்க்க வேண்டும், எடையும் கூடுதல். தார்ச்சாலையில் அதிகம் ஓடும் உங்கள் வண்டிக்கு அது வேண்டாம்.

பட்டியலில் இல்லாத ஒரு வழியையும் சொல்கிறேன். 16 அங்குல ரிம்மில் 265/75 ஆர்16 டயர் போட்டால் விட்டம் 804 மி.மீ. வருகிறது, 265/70 ஆர்17 டயரோடு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பக்கச்சுவரின் உயரம் 185-லிருந்து 199 மி.மீ. ஆகிவிடும். காற்றைக் குறைக்கும்போது டயர் அமுங்கி நீண்டு தரையைப் பிடிப்பது இந்தச் சுவரால்தான். கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நிற்பதும் இதுவே. உங்கள் முன்பக்கப் பிரேக் காலிப்பரின் மேல் 16 அங்குல ரிம் தடையில்லாமல் சுழல்கிறதா என்பதை மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கையால் சுற்றும்போது சுழன்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ரிம்மின் உட்புறம் ஒட்டும் பேலன்ஸ் எடைகளுக்கும் அங்கே இடம் வேண்டும்.

இரும்பு ரிம்மா அலாயா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பட்டறையே இல்லாத இடங்களுக்குப் போகிறவருக்கு நான் இரும்பையே சொல்லியிருப்பேன். இரும்பு நெளியும், சுத்தியலால் தட்டிக் காற்று நிற்கும் அளவுக்குச் சரிசெய்து வீடு வந்து சேரலாம். வார்ப்பு அலாய் கடுமையான அடியில் விரிசல் விடும். விரிசல் விட்டதைப் பாதையில் ஒன்றும் செய்ய முடியாது.


கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: கரடுபாதை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அச்சாணி அவர்கள் சொன்னபடி, அலைன்மென்ட் செய்த பிறகு, விற்பவரிடம் ஒரு வீலை வாங்கி மாட்டிப் பார்த்தேன். 17×8, ஆஃப்செட் 20, டயர் 265/70: முன் இடது பக்கம் முழுவதும் அமுங்கி, ஸ்டீயரிங் முழுவதும் ஒடிந்த நிலையில் பாடி மவுண்டுக்கும் டயருக்கும் இடையே 19 மி.மீ. இடைவெளி இருந்தது. மேல் கன்ட்ரோல் ஆர்ம் பக்கம் அதைவிடத் தாராளம். பம்பர் பக்கம் பிளாஸ்டிக் உறை மட்டும் லேசாகத் தொட்டது. அதன் கிளிப்பைக் கழற்றிச் சற்று முன்னே இழுத்து மாட்டியதும் விலகிவிட்டது. விற்பவரிடம் 285/70 ஏற்றிய ஆஃப்செட் மைனஸ் 12 வீலும் இருந்ததால் அதையும் மாட்டினோம். ஸ்டீயரிங் கடைசிவரை போவதற்கு முன்பே டயரின் தோள் பாடி மவுண்டில் அழுந்தி நின்றுவிட்டது. நின்ற நிலையில் அதே டயருக்கும் மவுண்டுக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

16 அங்குல ரிம் காலிப்பரைத் தாண்டியது, ஆனால் பேலன்ஸ் எடைக்குப் போதிய இடம் இல்லை. ஆகவே முதல் தேர்வையே எடுக்கிறேன். வீலின் பின்புறம் சுமை எண்ணும் ஜேடபிள்யூஎல்-டி முத்திரையும் இருக்கின்றன; கூம்பு நட்டுகளும் வளையங்களும் சேர்த்தே வாங்குகிறேன்.

கடைசியாக ஓர் ஐயம். நான்கு வீல் மட்டும் வாங்கிக்கொண்டு, நெளியாத பழைய வீல் ஒன்றை 265/65 டயரோடு ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?


பதில் 4
பதிவிட்டவர்: அச்சாணி

அளந்து பார்த்து எழுதியதற்கு நன்றி. இதே வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இது பெரிதும் பயன்படும்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து வாங்குவதே சரி. உங்கள் வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடும்போது முன் அச்சும் பின் அச்சும் நடுவில் டிஃபரன்ஷியல் (வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் பல்சக்கர அமைப்பு) இல்லாமல் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. ஒரு சக்கரம் மட்டும் 3.4 சதவீதம் சிறிதாக இருந்தால், அந்த அச்சு வேறு வேகத்தில் சுழல முயலும். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் கெட்டித்தரையில் அந்த இறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) தண்டுகளிலும் ஏறும். பஞ்சர் ஆவது பெரும்பாலும் நான்கு சக்கர இயக்கம் தேவைப்படும் இடத்தில்தான் என்பதால், சிறிய ஸ்டெப்னி அங்கே உங்களைக் கட்டிப்போட்டுவிடும்.

இப்போதைக்கு நான்குதான் வாங்க முடியும் என்றால், பழையதை வைத்துக்கொள்ளுங்கள். மாட்ட நேர்ந்தால் இரண்டு சக்கர இயக்கத்தில் மட்டும், மெதுவாக ஓட்டுங்கள். பின்சக்கரம் பஞ்சரானாலும் சிறிய சக்கரத்தை முன்னால் மாட்டிவிட்டு, முன்னால் இருந்த பெரிய சக்கரத்தைப் பின்னால் கொண்டுபோய் மாட்டுவது நல்லது, அப்போது பின் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்காது. பழைய வீல் தட்டை இருக்கை உடையது என்றால் அதற்குரிய ஆறு நட்டுகளையும் ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைத்திருங்கள். புதிய கூம்பு நட் அதில் உட்காராது. ஐந்தாவது புதிய வீலை வாங்கும்போது, 803 மி.மீ. டயர் பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் இடிக்காமல் முழுவதும் மேலே ஏறுகிறதா என்பதை அங்கேயே சங்கிலியை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

புதிய வீல்களைச் சக்கரம் தரையில் படாத நிலையில், எதிரெதிர் வரிசையில் கையால் முடுக்கி உட்கார வைத்து, பிறகு இறக்கி, டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வீலுக்கும் வண்டிக்கும் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒரு முறை அதே அளவுக்குச் சோதிக்க வேண்டும். முதல் கரடுபாதை ஓட்டம் முடிந்தவுடன் இன்னொரு முறை.